கேட்டைத் தாண்டாத லேப்டாப்

பொன்னுத்தங்கத்தை அந்தக் கம்பெனியில் ஒருத்திக்கும் பிடிக்காது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒருத்திக்கும் பிடிக்காது! ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தப் பட்டாசு கம்பெனிக்குக் காலை ஏழே முக்காலுக்கு மூன்று வேன் வரும். வேன் கதவு திறக்கும்போதே உள்ளிருந்து யாராவது ஒருத்தி, "இறங்குங்கடி, ஊசிபுடுங்கி நிக்கா" என்பாள். பொன்னுத்தங்கத்தின் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொல்வாள்.

பதினோரு வருஷமாக அவளுக்கு கேட்டில்தான் வேலை. உள்ளே போகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, தலைமுடியில் கைவிட்டுக் கொண்டை ஊசியை உருவுவாள். சேலையில் குத்தியிருக்கிற ஊக்கைக் கழற்றச் சொல்வாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையைக் கொட்டுவாள். இரும்பு, எஃகு எதுவும் உள்ளே போகக் கூடாது. செல்போன் போகவே கூடாது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மரப்பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு தகர டோக்கனைக் கையில் கொடுப்பாள். மினுமினுப்புச் சேலை கட்டி வந்தால் போச்சு. அது உரசினால் பொறி வருமாம். கேட் ரூமில் அதற்கென்றே வைத்திருக்கிற பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்வதற்கு லீவே போட்டுவிடலாம் என்று தோன்றும், அப்படி ஒரு அந்துருண்டை நாற்றம்.

இதெல்லாம் முடிந்த பிறகு கம்பத்தில் அறைந்திருக்கிற செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொடவேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்ட பிறகுதான் தரையில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து.

சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால் பை கிடைக்கும். டோக்கனைத் தொலைத்தவள் கடைசி ஆள் வாங்கிப் போகிற வரைக்கும் ஓரமாக நிற்கவேண்டும். அழுதாலும் இதே சட்டம்தான், கெஞ்சினாலும் இதே சட்டம்தான்.

உள்ளே வேலை பார்க்கிற ரோஜாவுக்கு அவசரப் போன் வந்ததும் டோக்கன் தொலைந்ததும் ஒரே நாளில் நடந்தது. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரோஜாவின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் தூக்கிவிட்டது. டீச்சர் ஒன்பது தடவை போன் அடித்திருக்கிறார். போன் மரப்பெட்டிக்குள் கிடந்தது. சாயங்காலம் ரோஜா வந்து மடியைத் தடவினால் டோக்கனைக் காணோம். எல்லோரும் வாங்கிப் போகும் வரைக்கும் நின்றாள். வேனும் போய்விட்டது. கடைசியில் போனை வாங்கிப் பார்த்தவள், அந்த ஒன்பதையும் பார்த்துவிட்டு கேட்டிலேயே கத்தினாள்.

"நீ ஒரு பிள்ளையப் பெத்தவளா? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? இது என் செல்லுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"பெறகு எதுக்குடி நிப்பாட்டுன?"

"டோக்கன் இல்லாதவக கடைசி. எல்லாருக்கும் அப்படித்தான்."

அன்றிலிருந்து ரோஜா அவளோடு பேசுவதில்லை. தினமும் காலையில் தன் கொண்டை ஊசி நான்கையும் தானே உருவி மேஜையில் வீசுவாள். ஒன்றாவது தரையில் விழும்படி வீசுவாள். பொன்னுத்தங்கம் குனிந்து எடுப்பாள்.

ஏன் இப்படி இருக்கிறாள் இந்தப் பொம்பளை? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் கீர்த்திகாவுக்கு மட்டும் தெரியும். பொன்னுத்தங்கமும் ஒரு காலத்தில் மருந்து வேலைதான் பார்த்தாள், வேறொரு கம்பெனியில். பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து இடிக்கிற ரூம். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனவள், காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் செல்போனில் பேசிக்கொண்டே ரூமுக்குள் போவதைப் பார்த்தாள். சொல்லலாமா என்று நினைத்தாள். பெரிய இடத்து ஆள், நமக்கெதற்கு என்று குடத்தைக் குழாயடியில் வைத்தாள். குடம் பாதி நிறைவதற்குள் அந்த ரூம் இல்லை. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள், அவனையும் சேர்த்து ஐந்து. போன்தான் காரணமா, வேறு ஏதாவதா, கடைசி வரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. பொன்னுத்தங்கத்துக்கு அது தெரியவும் வேண்டாம். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்பது ஒன்று போதும் அவளுக்கு.

அதற்குப் பிறகு மருந்து பட்டால் அவளுக்குக் கைத்தோல் வெடித்து ரத்தம் வந்தது. ரூம் வேலை போயிற்று. இந்தக் கம்பெனியின் பெரிய முதலாளிதான் கேட்டில் நிறுத்தினார். "யாரு கொண்டு வந்தாலும் உள்ள விடாத. நானே கொண்டு வந்தாலும் விடாத" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அவர் இப்போது நெஞ்சு வலி வந்து சிவகாசியில் வீட்டோடு இருக்கிறார். கம்பெனியைப் பார்ப்பது மகன் நவநீதகிருஷ்ணன்.

சின்ன முதலாளி கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். இந்த வருஷம் ஆனி மாதம் காரின் பின்சீட் நிறைய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். எல்லா ஸ்டாஃபையும் ஆபீஸ் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே நம்ம கம்பெனியில துண்டுச்சீட்டு, நோட்டு எதுவும் கெடையாது. ஸ்டாஃப் எல்லாருக்கும் லேப்டாப். சிவகாசியில எந்தக் கம்பெனிக்காரன் குடுக்கான் சொல்லுங்க?"

கைதட்டினார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சின்ன முதலாளிக்கு வெள்ளி நிறத்தில் அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒன்று. ஆபீஸ் கணக்கர் சீனிவாசகத்துக்கு உறை பிரிக்காத புதுசு. வெயிலிலும் தூசியிலும் நிற்கிறவர்களுக்கு வந்த நான்கும் பழசு! சென்னையில் ஏதோ ஒரு பெரிய கம்பெனி தன் ஆட்களுக்குப் புதுசு கொடுத்துவிட்டு மொத்தமாகத் தள்ளிவிட்டதாம். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். போர்மேன் காசிராஜனுக்கு வந்ததன் முதுகில் முன்னால் வைத்திருந்தவளின் பெயர்ச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. 'பிரீத்திகா' என்று அழகாக அச்சடித்திருந்தது.

அவ்வளவுதான், கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு.

"அண்ணாச்சி, பிரீத்திகா சாப்பிட்டாச்சா?"

"அண்ணாச்சி, பிரீத்திகாவை வெயில்ல நிப்பாட்டாதீக, கருத்துருவா!"

காசிராஜன் இருபத்திரண்டு வருஷம் மருந்தோடு இருக்கிற ஆள். ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேலியைத் தாங்க முடியாமல் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பாதிதான் வந்தது. அதற்குப் பிறகு அது 'பிரீத்தி' ஆகிவிட்டது. செல்லப்பெயர் வைக்கிற அளவுக்கு இரண்டு பேரும் நெருங்கிவிட்டார்கள் என்று சிரித்தார்கள்.

பொன்னுத்தங்கத்துக்கும் ஒன்று கிடைத்தது, நான்கில் ஆகக் கேடானது. மூடி நிற்காது, பின்னால் செங்கல் முட்டுக் கொடுக்கவேண்டும். கேட்டுக்கு வெளியே மேஜையில் வைத்து, யார் யார் வந்தார்கள் என்று ஒற்றை விரலால் தட்டினாள். எட்டாம் வகுப்பு படித்தவள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். கேட்டுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் அதோடு அவளுக்கு ஒரு தகராறும் இல்லை.

தகராறு ஆடி மாதக் கடைசியில் வந்தது.

காசிராஜன் ரூம் ரூமாகப் போய் இத்தனை பெட்டி சரவெடி, இத்தனை பெட்டி சக்கரம் என்று சீட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து ஏற்றுவார். ஏற்றும்போது ஒரு நாள் இருநூறு பெட்டி இரண்டாயிரம் ஆகிவிட்டது. சின்ன முதலாளி அதை நம்பி பீகாருக்கு ஆர்டர் வாங்கிவிட்டார். அன்றைக்கு ஆபீஸில் விழுந்த திட்டு கேட் வரைக்கும் கேட்டது.

"நாளையிலருந்து அந்தந்த ரூம்லயே நின்னு லேப்டாப்ல ஏத்தணும். சீட்டு கையில பாத்தேன், கிழிச்சு எறிஞ்சுருவேன்!"

மறுநாள் காலை காசிராஜன் கக்கத்தில் பிரீத்தியோடு கேட்டுக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி அது?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? லேப்டாப்பு."

"அது தெரியுது. எங்க போகுது?"

"என்கூட ரூமுக்கு வருது. சின்ன முதலாளி உத்தரவு."

"உத்தரவு இருக்கட்டும். அதை இங்கன வச்சுட்டுப் போங்க. டோக்கன் தாரேன்."

காசிராஜனுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. அவர் மடியில் வைத்திருந்த சாவிக்கொத்தை ஒருமுறை பத்துப் பேர் முன்னால் உருவியவள் அவள். அவர் லேப்டாப்பை மேஜையில் டம்மென்று வைத்தார். அது ஒருபக்கம் தூக்கிக்கொண்டு, கால் உடைந்த மணைப்பலகை மாதிரி ஆடியது. பொன்னுத்தங்கம் குனிந்து அடியைப் பார்த்தாள். நடுவில் உப்பியிருந்தது, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி.

"இது என்ன அண்ணாச்சி, வயிறு வீங்கிக் கிடக்கு?"

"பத்து நாளா அப்படித்தான் இருக்கு. சொன்னேன். தீபாவளி முடிஞ்சு மாத்தித் தாரேன்னாக."

"இதையா மருந்து ரூமுக்குள்ள கொண்டு போறீக?"

"உனக்கு என்னளா தெரியும்? நீ எட்டாங்கிளாஸ், ஊசி பொறுக்குறவ!"

"ஆமா, ஊசி பொறுக்குறவதான். ஊசியையே விடலை. இதை விடுவேனா?"

அன்றைக்கு அவர் வெறுங்கையோடு உள்ளே போனார். போகும்போது முணுமுணுத்த வார்த்தைகளை எழுத முடியாது.

பிறகு நடந்ததுதான் கூத்து. மருந்து ரூம்களில் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஈரச்சாக்கு போட்டிருப்பார்கள், கால் தூசியும் சூடும் அதிலேயே அடங்கட்டும் என்று. மருந்து சிந்தினாலும் முதலில் ஈரச்சாக்கைத்தான் போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக காசிராஜனுக்கு எந்த ஆபத்துக்கும் ஒரே வைத்தியம், ஈரச்சாக்கு. மனுஷன் மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? லேப்டாப்பை ஒரு சணல் சாக்கில் சுற்றி, தொட்டித் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட கேட்டுக்குக் கொண்டுவந்தார்!

"இப்ப என்னளா சொல்லுத? ஈரச்சாக்கு போட்டாச்சு. பொறி வராது, ஒரு மண்ணும் வராது. வழிய விடு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் வேன் டிரைவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"பிரீத்திக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டாகடி!" என்றாள் முருகேஸ்வரி. சரவெடி ரூமில் மூத்தவள் அவள்.

பொன்னுத்தங்கம் மட்டும் சிரிக்கவில்லை. சாக்கோடு அப்படியே வாங்கிக்கொண்டு போய், கேட்டுக்கு நாற்பது அடி தள்ளி, தீயணைக்கக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலின் மேல் வைத்தாள். சாக்கை விரித்துப் பார்த்தால் பிரீத்தி கண்ணை மூடியிருந்தாள். எந்தப் பொத்தானை அமுக்கியும் உயிர் வரவில்லை.

பத்து நிமிஷத்தில் சின்ன முதலாளி வந்தார். மணலில் கிடந்ததைப் பார்த்தார். முகம் ஊதாவாகிவிட்டது.

"அண்ணாச்சி, இது என்ன மீன் கூடையா? தண்ணியில முக்கிக் கொண்டு வந்திருக்கீக?"

"தம்பி, பாதுகாப்புக்காண்டி..."

"பேசாதீக! உங்களுக்கெல்லாம் பளசு குடுத்ததே தப்பு. செங்கல்லைக் குடுத்திருக்கணும்!" பிறகு பொன்னுத்தங்கத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாம் உங்களாலதான். நாளைக்கு நானே என் லேப்டாப்பை எடுத்துட்டு எல்லா ரூமுக்கும் போறேன். ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் பாக்கட்டும். நீங்க குறுக்க நின்னீகன்னா அதோட உங்களுக்கு வேலை கெடையாது. புரியுதா?"

"புரியுது தம்பி."

"நல்லா யோசிங்க. மருந்து தொட முடியாத கைய வச்சுக்கிட்டு இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்க போவீக?"

அது அவளுக்கே தெரியும். அந்த வயதில், அந்தக் கையோடு, எந்தக் கம்பெனியும் எடுக்காது.

சாயங்கால வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள். கீர்த்திகா விருதுநகர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியன்.

"உப்பிக்கிச்சா? அதைத் தொடாதம்மா! பேட்டரி கெட்டுப் போனா அப்படித்தான் ஊதும். எங்க காலேஜ்ல ரெண்டு அப்படி ஆயி, தூக்கி வெளிய மணல்ல வச்சோம்."

"உங்களுக்கும் பளசுதான் குடுத்தாகளா?"

"பின்ன? துறைத் தலைவருக்குப் புதுசு, வாத்தியார்மாருக்கு ரெண்டாங்கை, எங்களுக்கு யாரும் வேண்டாம்னு போட்டது. அதுலயும் கமிட்டி பாக்க வாற அன்னைக்கு ஆளுக்கு ஒரு புதுசு குடுப்பாக. போட்டோ எடுத்து முடிஞ்சதும் வரிசையில நிப்பாட்டித் திருப்பி வாங்கிருவாக. நீயாச்சும் டோக்கன் குடுக்குற."

பொன்னுத்தங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சின்ன முதலாளி மறுநாள் லேப்டாப்போடு வரப்போகிற விஷயத்தைச் சொன்னாள்.

"விட்டுரும்மா. அவரோடது புதுசு, உப்பலை. ஒரு தடவ போயிட்டு வாறதுல என்ன ஆயிரப் போகுது? ஆயிரத்துல ஒரு வாட்டிகூட ஒண்ணும் ஆகாது."

"அந்த ஒரு வாட்டிய நான் பாத்திருக்கேன்டி."

அவளுக்கு முன் சீட்டில் ரோஜா உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது அங்கேதான் இருந்தது.

மறுநாள் வேன்கள் வந்து பெண்கள் எல்லோரும் இறங்கிய நேரமாகப் பார்த்து சின்ன முதலாளியின் காரும் வந்தது. வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்கு வந்தார். நூற்றிருபது பேர் பார்க்கவேண்டும் அல்லவா! பாதிப் பேர் ஊசியையும் போனையும் கொடுத்துவிட்டு டோக்கனோடு செம்புத் தகட்டுக்கு முன்னால் நின்றார்கள். அவர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் வெள்ளி லேப்டாப். பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காசிராஜன்.

பொன்னுத்தங்கம் மேஜையை விட்டு எழுந்து போய், இரண்டு கம்பத்துக்கும் நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல் நின்றாள்.

"நகருங்க."

"லேப்டாப்பை மேசையில வச்சுட்டு வாங்க தம்பி. டோக்கன் தாரேன்."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதீகளா?"

"உங்க அப்பாதான் சொன்னாக, நானே கொண்டு வந்தாலும் விடாதன்னு."

"அப்பா காலம் வேற. இதுல வயர் கெடையாது, நெட்டை அமத்திட்டேன், வெறும் பேட்டரி. உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது தம்பி. தெரியாததை உள்ள விட மாட்டேன்."

"சரி. உங்களுக்கு இன்னையோட வேலை இல்ல. இப்ப நகருங்க."

பொன்னுத்தங்கம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். எல்லோரும் அவள் நகரப்போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். சாவியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மண்ணில் போட்டாள். மறுபடி நிமிர்ந்து அங்கேயே நின்றாள்.

"வேலை இல்லேன்னா சரி. அப்ப நான் உங்க ஆளு கெடையாது. என்னைய நகருன்னு ஏவ முடியாது."

"அண்ணாச்சி, இவங்களைப் பிடிச்சு ஓரமா விடுங்க!"

காசிராஜன் தன் செருப்பைப் பார்த்தார். சின்ன முதலாளியைப் பார்த்தார். மறுபடியும் செருப்பைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் ரோஜா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேரே மேஜைக்குப் போனாள். தன் டோக்கனை டக்கென்று மேஜையில் அடித்தாள்.

"ஏ பொன்னுத்தங்கம், என் ஊசியக் குடு. செல்லையும் குடு."

பொன்னுத்தங்கம் திரும்பிப் பார்த்தாள். இவளுக்குப் பழிவாங்க இந்த நேரம்தானா கிடைத்தது?

"எதுக்குடி?"

"உள்ள கொண்டு போகத்தான். அவுக அம்மாம் பெரிய பொட்டியக் கொண்டு போலாம்னா, என் ஊசி என்ன பாவம் பண்ணுச்சு? என் செல்லும் வரட்டும். என் பிள்ளைக்குக் காய்ச்சல்னா நானும் மருந்து ரூம்ல இருந்தே பேசுதேன்."

"ரோஜா, செல் உள்ள போகக் கூடாது, தெரியும்ல?" என்றார் சின்ன முதலாளி.

"எதுக்குக் கூடாதுங்கேன்?"

"ஆபத்து. அதுல பேட்டரி இருக்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ரோஜா விடுவாளா?

"சொல்லுங்க, நிப்பாட்டிட்டீகளே! என் செல்லு பேட்டரியில ஓடுது. உங்க பொட்டி என்ன சீமெண்ணெயிலயா ஓடுது?"

"இது வேற ரோஜா. இது கம்பெனி வேலைக்கு."

"நாங்க மட்டும் என்ன, மாமியா வீட்டு விருந்துக்கா வந்திருக்கோம்?" இது முருகேஸ்வரி. அவளும் டோக்கனை மேஜையில் வைத்தாள். "எனக்கும் குடு. பதினோரு வருஷமா தலைய விரிச்சுப் போட்டுட்டு வேலை பாக்கேன். இன்னைக்குக் கொண்டை போட்டுட்டுப் போறேன்."

டக், டக், டக் என்று டோக்கன்கள் விழுந்தன. கொடுக்காதவர்கள் போனைக் கையில் தூக்கிப் பிடித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி மினுமினுக்கிற சேலையை உதறி, "எனக்கு அந்த நாத்தம்பிடிச்ச சேலை வேண்டாம்!" என்று கத்தினாள். பதினோரு வருஷத்துக் கோபம் அத்தனையும் அன்றைக்கு அந்த கேட்டில் வந்து நின்றது. ஒவ்வொரு ஊசிக்கும், ஒவ்வொரு தவறிய போனுக்கும் கேட்டார்கள். கேட்டது மட்டும் பொன்னுத்தங்கத்திடம் இல்லை.

"இந்த அம்மாவுக்காகவா பேசுதீக?" என்றார் சின்ன முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"இவளுக்காகவா?" ரோஜா காறித் துப்பினாள். "இவ தொலைஞ்சான்னா இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்க வைப்பேன்! ஆனா எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம்னா நான் உள்ள போக மாட்டேன். செத்தா நாங்கதானே சாவோம். நீங்க ரூம் ரூமா எட்டிப் பாத்துட்டு ஏசிக்குள்ள போயிருவீக."

சொல்லிவிட்டுக் கோட்டுக்கு வெளியே, வெறும் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முருகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எண்ண முடியவில்லை. கேட் முழுக்கச் சேலை விரிந்தது.

ஆபீஸ் பக்கம் நின்ற பீகார் லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது. சீசன். மத்தியானத்துக்குள் சரவெடி ஏறவேண்டும், இல்லையென்றால் லாரி வேறு கம்பெனிக்குப் போய்விடும். காசிராஜன் மெல்ல வந்து சின்ன முதலாளியின் காதுப்பக்கம் குனிந்தார்.

"தம்பி, ஒரு நாள் போச்சுன்னா மூணு லோடு போயிரும். வச்சுட்டு வாங்க. நான் சீட்டுலயே எளுதுதேன், ஒவ்வொரு ரூம் முடிஞ்சதும் கேட்டுக்கு வந்து பொன்னுத்தங்கம் மிஷின்ல ஏத்திப்புடுதேன். தப்பு வராது. சத்தியமா."

சின்ன முதலாளி லேப்டாப்பைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு போய், லேப்டாப்பை மேஜையில் வைத்தார். வைக்கவில்லை, எறிந்தார்.

பொன்னுத்தங்கம் குனிந்து மண்ணிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். துணிப்பை ஒன்றில் லேப்டாப்பைப் போட்டு, மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, நூற்றி முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனை நீட்டினாள். அவர் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

"தம்பி."

"இன்னும் என்ன?"

"கையில கட்டியிருக்கதும். அதுவும் சார்ஜ் போடுறதுதானே?"

தரையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்! சின்ன முதலாளி வாட்சையும் கழற்றினார். செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். நூற்றிருபது பேரும் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மேஜையில் கிடந்த டோக்கன்களை நம்பர் பார்த்து எடுத்துக்கொண்டு, அதுவரை கொடுக்காதவர்கள் போனையும் ஊசியையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தியாகத் தகட்டைத் தொட்டு உள்ளே போனார்கள். ரோஜா போகும்போது பொன்னுத்தங்கத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மரப்பெட்டி திறந்தது. சின்ன முதலாளி காரில் சாய்ந்து பையைத் துழாவினார். பேண்ட் பையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. மேஜைக்கு வந்தார்.

"என் லேப்டாப்பை எடுங்க. டோக்கன் எங்கயோ விழுந்துருச்சு."

"டோக்கன் இல்லாதவக கடைசி தம்பி."

"அது என்னுதுன்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும். ரோஜா செல்லு ரோஜாவுதுன்னும் அன்னைக்கு எனக்குத் தெரியும்."

வரிசையில் நின்ற ரோஜாவுக்கு அது கேட்டது. அவள் வரிசையை விட்டு விலகி, ஒவ்வொருத்தியாக முன்னால் விட்டாள். நூற்றுப் பத்தொன்பது பேர் வாங்கிப் போனார்கள். சின்ன முதலாளி ஓரமாக, அன்றைக்கு ரோஜா நின்ற அதே இடத்தில், செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக ரோஜா வந்தாள். மடியைத் தடவினாள், முந்தானையை உதறினாள்.

"என் டோக்கனையும் காணமே. இருங்க, தேடுதேன்."

வேன் ஹாரன் அடித்தது. ரோஜா நிதானமாகத் தேடினாள்.

"ஏ ரோஜா, இடது கைக்குள்ள வச்சிருக்கதைக் குடுத்துட்டுப் போ" என்றாள் பொன்னுத்தங்கம்.

"உன்னையெல்லாம் திருத்தவே முடியாதுடி!" என்று ரோஜா டோக்கனை வீசினாள். அது தரையில் விழுந்தது. பையை வாங்கிக்கொண்டு வேனை நோக்கி ஓடினாள்.

பொன்னுத்தங்கம் குனிந்து டோக்கனை எடுத்தாள். பிறகுதான் பெட்டியிலிருந்து லேப்டாப்பையும் வாட்சையும் எடுத்து வைத்தாள். சின்ன முதலாளி வாங்கிக்கொண்டு, மூன்று அடி போய்த் திரும்பினார்.

"தீபாவளி முடியட்டும். உங்களை என்ன செய்யணுமோ செய்யுதேன்."

"முடியட்டும் தம்பி. உள்ள போன எல்லாரும் முளுசா வெளிய வந்து முடியட்டும்."

கார் கிளம்பிப் போனது. அவள் பெட்டியைப் பூட்டி, செங்கல் முட்டுக் கொடுத்த தன் லேப்டாப்பை மூடி, கேட் ரூமில் வைத்துச் சாத்துவதற்குள் முதல் இரண்டு வேனும் போய்விட்டன. மூன்றாவது வேனும் நகர்ந்துவிட்டது. போகட்டும், நடந்தே ரோட்டுக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டினாள்.

நகர்ந்த வேன் கிறீச்சென்று நின்றது. கடைசி ஜன்னலிலிருந்து ரோஜாவின் கை வெளியே வந்து தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்யா டிரைவரு, நிப்பாட்டு! எங்க போற? அந்த ஊசிபுடுங்கி இன்னும் ஏறலை!"